அத்தியாயம் 7: ஆளில்லாத ஊடல்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 26. ஆபீஸ் தோழி வழியாக அறிமுகமான ஒருவரை நான்கு முறை சந்தித்திருக்கிறாள். பிடித்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை இரவு 9.42க்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: "சனிக்கிழமை ரேஸ்கோர்ஸ் பக்கம் மீட் பண்ணலாங்களா?" ஆறு நிமிடம் கழித்துப் பதில் வருகிறது: "பாப்போம்."

தமிழில் இதைவிடக் கொடுமையான ஒற்றைச் சொல் பதில் கிடையாது. 'பார்ப்போம்' என்றால் சந்திப்போம் என்றும் பொருள். இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் பொருள். கைமாற்றாகப் பணம் கேட்டுப் போனவரிடம் சொல்லப்படும் 'பார்ப்போம்' எந்த ரகம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நேரில் சொன்னால் முகமும் குரலும் காட்டிக் கொடுத்துவிடும். திரையில் அந்த வசதி இல்லை. போதாததற்கு அவர் கொங்கு நாட்டுக்காரர். 'சரிங்க', 'இல்லீங்க', 'வந்துட்டேனுங்க' என்று எதற்கும் ஒரு 'ங்க' ஒட்டிப் பேசுகிறவர். இன்றைக்கு 'பாப்போங்க' இல்லை, வெறும் 'பாப்போம்'. அந்த 'ங்க' எங்கே போயிற்று? கோபத்தில் விழுந்ததா? இல்லை, நெருக்கமாகிவிட்டோம் என்று அவராகவே எடுத்துவிட்டாரா?

அவள் மூன்று வாரத்துச் செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படிக்கிறாள். போன முறை 'கண்டிப்பா' என்று எழுதியிருக்கிறார். அதற்கு முந்தைய முறை சிரிக்கிற பொம்மை வேறு இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூன்று தோழிகளுக்கு அனுப்புகிறாள். மூன்று விளக்கங்கள் வருகின்றன. 11.58க்கு அவருடைய 'லாஸ்ட் சீன்' மாறுகிறது. அந்த நேரத்தில் யாரோடு பேசினார்? ஒன்றரை மணிக்கு, போன ஞாயிறு அவருடைய சட்டையைப் பற்றித் தான் அடித்த ஜோக்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தூக்கம் வராமல் படுத்திருக்கிறாள்.

அவர் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறார். சனி, ஞாயிறு டியூட்டி யாருக்கு என்பதை வெள்ளிக்கிழமை மதியம்தான் ஒட்டுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் 'பாப்போம்' என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். நடந்தது இவ்வளவே.

இது நான் கட்டிய கதைதான். ஆனால் ஊரையும் சொல்லையும் மாற்றிப் போட்டால் இந்த நூலை வாங்கியவர்களில் பலருக்குச் சொந்தக் கதையாக இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. என் விஷயத்தில் அந்தச் சொல் 'ம்'.

யோசிப்பதும் அரைப்பதும்

ஓவர் திங்கிங் என்று நாம் சொல்வதில் யோசனை குறைவு. அதற்குத் தமிழில் ஏற்கெனவே சரியான பெயர் உண்டு: அரைத்த மாவையே அரைப்பது. யோசனை ஒரு முடிவை நோக்கி நகரும். இது நகராது, அதே நான்கு கேள்விகளைச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டையும் பிரித்தறிய நான் பயன்படுத்தும் சோதனை ஒன்றுதான்: கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக ஒரு தகவலாவது கையில் வந்ததா? வந்திருந்தால் அது யோசனை. வரவில்லை என்றால் கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி அரைப்பதை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸெமா. 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியை லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் அவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் என்று முன்பே தெரிந்தவர்கள், வாரங்கள் கழிந்த பிறகும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சோர்ந்து கிடந்தார்கள். ஓட்டிப் பார்ப்பது பிரச்சினையைத் தீர்ப்பதற்கான உழைப்பு என்றுதான் அதைச் செய்கிறவருக்குத் தோன்றும். அதுதான் அதன் தந்திரம். இரவு ஒன்றரை மணிக்கு விழித்திருப்பவள், தான் இந்த உறவுக்காக மெனக்கெடுவதாகத்தான் நம்புகிறாள்.

சரி, நினைக்காமல் இருந்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியர் கதை நமக்குத் தெரியும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதித்துக் காட்டினார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி வந்துகொண்டேயிருந்தது. ஆகவே "அதையே நெனைக்காதடி" என்று அறிவுரை சொல்கிற தோழியை மன்னித்துவிடுங்கள். அவருக்கு வெக்னரையும் தெரியாது, வைத்தியரையும் மறந்துவிட்டது.

தும்மினால் குற்றம்

இந்த நோய் போன் வந்த பிறகு வந்தது என்று நினைப்பவர்கள் திருக்குறளின் 132ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். 'புலவி நுணுக்கம்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்துக்கு நம்மை யாரும் அழைத்துப் போவதில்லை. அதில் கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள், அடுத்த நொடியே, யார் நினைத்ததால் தும்மல் வந்தது என்று அழுகிறாள். பயந்துபோய் அவன் அடுத்த தும்மலை அடக்கினால், யாரோ உன்னை நினைப்பதை எனக்கு மறைக்கிறாயா என்று அழுகிறாள். உன்னை நினைத்தேன் என்று சொன்னால், அப்படியானால் இடையில் மறந்திருந்தாயா என்று கேட்கிறாள். இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம் என்றால் கண் நிறைய நீர்: அடுத்த பிறவியில் பிரிவாயோ? பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், என்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்று அதற்கும் ஒரு கேள்வி.

'ங்க' எங்கே போயிற்று என்று தேடியவளுக்கும் இவளுக்கும் நுணுக்கத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் வள்ளுவர் இதை நோயாகப் பார்க்கவில்லை. அடுத்த அதிகாரத்தை ஊடலின் இன்பத்துக்கே கொடுத்து நூலை முடிக்கிறார். அது எப்படிச் சாத்தியமாயிற்று? தும்மியவன் எதிரிலேயே இருக்கிறான். அவள் தன் சந்தேகத்தை ஒவ்வொன்றாக அவன் முகத்துக்கு நேரே வீசுகிறாள். அவன் ஏதோ உளறிப் பதில் சொல்கிறான். சொன்னதையே பிடித்துக்கொண்டு மறுபடி சண்டை. இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம்.

நம் கோவைப் பெண்ணின் அறையில் இருப்பது அவள் ஒருத்திதான். அவளே கேட்கிறாள், அவருக்காக அவளே பதில் சொல்கிறாள், அந்தப் பதிலுக்காக அவர்மேல் கோபப்படுகிறாள். ஓவர் திங்கிங் என்பது ஆளில்லாமல் நடத்தும் ஊடல். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான்: அந்தச் சண்டையை உரிய ஆளிடம் கொண்டுபோவது, அவரிடம் கொண்டுபோக முடியாத நேரத்தில் கிரைண்டரை நிறுத்தி வைப்பது.

நீல டிக் என்ன சொல்கிறது

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்பும் காதலர்கள் காத்திருந்தார்கள். ஆனால் தங்கள் கடிதம் உறை பிரிக்கப்பட்ட நிமிடத்தைத் தெரிந்துகொண்டு காத்திருக்கவில்லை. ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி உங்கள் போனை விட்டுப் போய்விட்டது. இரண்டு என்றால் அவருடைய போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் உங்கள் சாட் அவர் திரையில் திறக்கப்பட்டது. அவ்வளவுதான். அவர் படித்தாரா, பஸ் படிக்கட்டில் நின்றபடி விரல் பட்டுத் திறந்ததா, 'வீட்டுக்குப் போய் நிதானமாகப் பதில் போடலாம்' என்று மூடினாரா என்பதெல்லாம் அந்த நீலத்தில் கிடையாது. 'லாஸ்ட் சீன்' இன்னும் மோசம். செயலி கடைசியாக எப்போது திறந்திருந்தது என்பதுதான் அதில் தெரியும். குடும்ப குரூப்பில் சித்தப்பா அனுப்பிய குட் மார்னிங் படத்தைத் திறந்தாலும் அது மாறும்.

ஒரு மாதத்துக்கு இதைச் செய்து பாருங்கள்: செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய் 'ரீட் ரிசீப்ட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள், 'லாஸ்ட் சீன்' யாருக்கும் தெரியாதபடி வையுங்கள். இந்த இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்களுடையதை மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. பலர் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியதே அதுதான். வேவு பார்க்க முடியாதபோது வேவு பார்க்கும் ஆசை முதல் வாரம் பாடாய்ப் படுத்தும்; பிறகு கை தானாக வேறு வேலைக்குப் போய்விடும். 'ரீட் ரிசீப்ட்ஸ்' அணைப்பது தனிச் சாட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், குரூப்பில் நீல டிக் அப்படியேதான் இருக்கும்.

எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பதற்கு 2005இல் வெளியான ஒரு சோதனை உண்டு. உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் குழுவாகச் செய்தது. சிலர் நக்கலாகவோ நிஜமாகவோ வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எது எது என்று பெறுபவர் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினார்கள். பெற்றவர்கள் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிற அளவுக்குத்தான். குரலில் கேட்டவர்களுக்கு அந்தச் சிரமம் குறைவு. இதில் உங்களுக்கான பாடம் இரண்டு பக்கமும் வெட்டும். அவருடைய 'பாப்போம்' உங்களுக்குப் புரியாது. உங்களுடைய 'சரி' அவருக்குப் புரியாது. 'சரி', 'சரி சரி', 'சரிப்பா', 'சரிங்க' ஆகிய நான்கும் உங்கள் மனதில் நான்கு விதமாக ஒலிக்கலாம். எதிராளியின் திரையில் அவை நான்கு சொற்கள், அவ்வளவுதான்.

நோட்டும் மொட்டைமாடியும்

அடுத்த முறை கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். போனில் வேண்டாம், போனைத் திறந்தால் சாட் திறக்கும். இடப்பக்கம் 'நடந்தது', வலப்பக்கம் 'நான் சேர்த்தது'. ஒரு சிசிடிவி கேமராவில் பதிவாகக்கூடியதற்கு மட்டும்தான் இடப்பக்கம் இடம். 'புதன் 9.48க்கு "பாப்போம்" என்று பதில் வந்தது' என்பது இடது. 'தவிர்க்கிறார்', 'சட்டை ஜோக் பிடிக்கவில்லை', 'வேறு யாரோ இருக்கிறார்கள்' எல்லாம் வலது. எழுதி முடித்ததும் பாருங்கள். இடப்பக்கம் ஒன்றிரண்டு வரி. வலப்பக்கம் முழுப் பக்கம். வலப்பக்கத்தில் இருப்பவை பொய் என்று நான் சொல்லவில்லை. அவை இன்னும் விசாரிக்கப்படாதவை.

அந்த நோட்டை மூடிவிட்டு, மறுநாள் ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1983இல் சகாக்களோடு சேர்ந்து சோதித்த முறை இது: கவலைப்படுவதற்குத் தினமும் அரை மணி நேரம், ஒரே நேரம், ஒரே இடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அதை விரட்ட வேண்டாம். "உன்னை ஆறரைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லித் தள்ளிவைக்க வேண்டும். ஆறரைக்கு உட்கார்ந்து முழு மூச்சாகக் கவலைப்பட வேண்டும். படுக்கையும் சாப்பாட்டு மேஜையும் அந்த இடமாக இருக்கக் கூடாது. நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கொசுக்கடியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எந்தக் காதல் கவலையும் தாக்குப்பிடிக்கவில்லை. பல நாள் ஆறரைக்கு மேலே போனால், காலையில் உயிர்போகிற விஷயமாக இருந்தது எது என்பதே ஞாபகம் வராது.

முதல் சந்திப்பு முடிந்த இரவுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. 'நிறையப் பேசிட்டேனோ', 'காபியைச் சிந்தினேனே' என்று ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு: எரிகா பூத்பி, கஸ் கூனி முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறையாகப் பேசிக்கொண்டவர்கள் பொதுவாக, எதிராளிக்குத் தன்னைப் பிடித்ததை உள்ளதைவிடக் குறைத்தே கணக்கிட்டார்கள். நீங்கள் உங்கள் தப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் அவருடையதை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

தோழியின் வேலை

ஸ்கிரீன்ஷாட் பார்க்கும் தோழிகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல், நெருங்கிய நட்பில் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசுவதைப் பற்றி எழுதினார். அப்படிப் பேசுகிறவர்களின் நட்பு இறுகுகிறது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. இரண்டும் சேர்ந்து வருவதுதான் சிக்கல். பேசியதும் இதமாக இருக்கும், அதனால் மறுபடி பேசுவோம். மூன்று பேர் சேர்ந்து அரைத்தாலும் அது அரைத்த மாவுதான்.

சங்க அகப்பாடல்களில் வரும் தோழியை நினைத்துப் பாருங்கள். தலைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொன்ன சொல்லுக்கு உரை எழுதுவதோடு அவள் நிற்பதில்லை. நேரே தலைவனிடம் போய், இப்படியே இரவில் வந்துபோய்க் கொண்டிருந்தால் எப்படி, எப்போது மணந்துகொள்வாய் என்று கேட்கிறாள். அதற்கு 'வரைவு கடாதல்' என்று ஒரு துறையே உண்டு. கேள்வியை உரிய ஆளிடம் கொண்டுபோகிறவள் அவள். இன்றைக்கு உங்களுக்காகத் தோழி போய்க் கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அவளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: பதினைந்து நிமிடம் புலம்பக் கேட்பாள், பிறகு "சரி, இதை அவர்கிட்ட எப்ப கேக்கப்போற?" என்று ஒரே கேள்வி கேட்பாள்.

எப்படிக் கேட்பது

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறோம். கேட்க வேண்டியது 'சனிக்கிழமை வருகிறீர்களா' என்பது. கேட்பதோ 'என்னைப் பிடிக்கவில்லையா' என்பது. ஒரு ஷிப்ட் அட்டவணைக்காகக் காத்திருப்பவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால், அவர் திகைத்துப்போவார். திகைப்பினால் தாமதமாகும் பதிலை வைத்து அடுத்த ராத்திரி தொடங்கும்.

"பாப்போம்னா வர்றேன்னு அர்த்தமுங்களா, இல்ல இன்னும் தெரியலையா? வெள்ளிக்குள்ள சொன்னீங்கன்னா எனக்கு வசதி." இவ்வளவு போதும். விஷயம் ஒன்று, கெடு ஒன்று, வர முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் இருக்கிறது. இதைப் போனில் கூப்பிட்டே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

"உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நேராவே சொல்லிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுதாதீர்கள். ஒன்றும் இல்லாதவர் அப்படி எழுத மாட்டார் என்பது படிப்பவருக்குத் தெரியும். அனுப்பிய பிறகு 'சும்மா கேட்டேன்', 'பரவால்ல விடுங்க', இரண்டு கேள்விக்குறி என்று வால் சேர்க்காதீர்கள். அனுப்பியதை அழிக்கவே அழிக்காதீர்கள். 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்து இப்போது அவர் விடிய விடிய விழித்திருப்பார். 'சொல்லாமலே அவருக்குப் புரிகிறதா பார்க்கலாம்' என்று இரண்டு நாள் பேசாமல் இருப்பதையும் விட்டுவிடுங்கள். தேர்வு நடப்பதே தெரியாதவர் எப்படித் தேறுவார்?

நிச்சயம் முடிந்து முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் ஜோடிகளுக்கு இது இன்னும் சிக்கல். இரவு பத்து மணி போன் பேச்சோடு, அவர் அம்மா 'சரிம்மா' என்று மட்டும் சொன்னது, நாத்தனார் ஸ்டேட்டஸில் போட்டது என்று அரைக்க மாவு நிறையச் சேரும். அங்கேயும் விதி ஒன்றுதான். அத்தை என்ன நினைக்கிறார் என்பதை மாப்பிள்ளையிடம் ஊகிக்கச் சொல்லாமல், அத்தையையே கூப்பிட்டு, "அத்தை, புடவை கலர் உங்களுக்குப் பிடிச்சிருக்குங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

அரைப்பது இல்லை, கண் திறந்திருப்பது

ஒரு எச்சரிக்கை. 'நீ ஓவரா யோசிக்கிற' என்பதை வாயடைக்கும் ஆயுதமாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நேரடியான, சின்னக் கேள்வியை மூன்று முறை கேட்டும் நேரடியான பதில் வரவில்லை என்றால், அது இடப்பக்கத்தில் எழுத வேண்டிய தகவல். வேலை, சம்பளம், முந்தைய திருமணம் பற்றிச் சொன்னது ஆளுக்கு ஆள் மாறினால் விசாரிப்பது உங்கள் கடமை. நம் பெரியவர்கள் சம்பந்தம் பேசும்போது அக்கம்பக்கத்தில் விசாரித்தது வேலையில்லாமல் இல்லை. நேரில் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: பேச்சை நிறுத்துங்கள், பணம் போய்விட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ உடனே அழையுங்கள். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, யாரோடு பேசலாம் என்று சட்டம் போடுவது, கை ஓங்குவது இவற்றுக்கு நோட்டும் வேண்டாம், மொட்டைமாடியும் வேண்டாம். வெளியே வர உதவி வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

இன்னொரு பக்கம், எந்தப் பதில் வந்தாலும் அடங்காத சந்தேகம் ஒன்று உண்டு. 'எனக்கு இவரை நிஜமாகவே பிடிக்கிறதா' என்று நாளுக்குப் பத்து முறை தன்னையே சோதிப்பது, உறுதி கேட்டு வாங்கிய அரை மணியில் மறுபடி உறுதி கேட்பது. இது எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) ஒரு வடிவமாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. தூக்கமோ சாப்பாடோ வேலையோ வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் ஒன்றிய அரசின் டெலி மானஸ் 14416; 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, இரவு ஒன்றரை மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக, இந்தப் பக்கத்தை யாரோ உங்களுக்கு அனுப்பி வைத்ததால் படிக்கிற, 'பாப்போம்' என்று பதில் போடும் பழக்கமுள்ள அன்பருக்கு ஒரு வேண்டுகோள். "வெள்ளிக்கிழமை ஷிப்ட் தெரிஞ்சதும் சொல்றேனுங்க" என்று தட்டப் பத்து விநாடி ஆகும். சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தே தட்டுங்கள், பரவாயில்லை, ஆனால் தட்டிவிடுங்கள்.